ஒப்படைக்க மறுத்த நகரம்

1982 மே 19. தியாகராய நகர் பாண்டி பஜாரில் துப்பாக்கி வெடித்தது. சுட்டவர்களும் சுடப்பட்டவர்களும் ஈழத்திலிருந்து வந்த இளைஞர்கள். ஒரு பக்கம் வேலுப்பிள்ளை பிரபாகரனும் ராகவனும், மறுபக்கம் உமா மகேஸ்வரனும் கண்ணன் என்கிற ஜோதீஸ்வரனும். சில ஆண்டுகளுக்கு முன்புவரை ஒரே இயக்கத்தில் இருந்து, பிளந்து, ஒருவரையொருவர் தேடிக்கொண்டிருந்தவர்கள். கண்ணன் குண்டடி பட்டு விழுந்தார். பிரபாகரனும் ராகவனும் அங்கேயே பிடிபட்டார்கள். தப்பி ஓடிய உமா மகேஸ்வரன் சில நாள் கழித்துக் கும்மிடிப்பூண்டியில் அகப்பட்டார்.

கொழும்பு இப்படியொரு வாய்ப்பை எதிர்பார்த்திருக்காது. யாழ்ப்பாண மேயர் அல்பிரட் துரையப்பா 1975 ஜூலை 27 அன்று பொன்னாலை வரதராசப் பெருமாள் கோயிலருகே சுட்டுக் கொல்லப்பட்டதிலிருந்து இலங்கைப் போலீஸ் தேடிவந்த பிரபாகரன் சென்னைச் சிறையில் இருக்கிறார். இலங்கைக் காவல் துறைத் தலைவர் ருத்ரா ராஜசிங்கம் சென்னைக்கே வந்தார். எங்களிடம் கொடுங்கள் என்று இலங்கை கேட்டது. கொடுக்கக் கூடாது என்று தமிழ்நாடு சொன்னது. பழ. நெடுமாறன் கட்சிகளைக் கூட்டித் தீர்மானம் போடவைத்தார். எம்.ஜி.ஆர். முதல்வர், இந்திரா காந்தி பிரதமர். கொடுக்கவில்லை. ஆகஸ்டில் நிபந்தனை ஜாமீன் கிடைத்தது. பிரபாகரன் மதுரையில் தங்க வேண்டும் என்பது நிபந்தனை. சில மாதங்களில் அவர் ஜாமீனை மீறிக் கடல் கடந்து போய்விட்டார்.

கொடுக்காதது சரி என்று நான் நினைக்கிறேன். அதற்குப் பிறகு நடந்த அத்தனையும் தெரிந்திருக்கும் இன்றும் அப்படியே நினைக்கிறேன். ஆனால் என்ன காரணத்துக்காகக் கொடுக்கவில்லை என்று நாம் எங்கும் எழுதி வைக்கவில்லை. எந்த நீதிமன்றத்திலும் சொல்லவில்லை. அந்த மௌனத்தின் விலையைப் பின்னால் கட்டியவர்கள் துப்பாக்கி ஏந்தியவர்கள் மட்டுமில்லை. அதைப் பற்றித்தான் பேச வேண்டும்.

சட்டம் அப்போது கைவசம் இருந்தது. 1962ஆம் ஆண்டின் குற்றவாளிகள் ஒப்படைப்புச் சட்டம். இலங்கையுடன் 1978 முதல் ஒப்படைப்பு ஏற்பாடும் இருந்தது. ஒரு நாடு ஓர் ஆளைக் கேட்டால், மத்திய அரசு அந்தக் கோரிக்கையை ஒரு மாஜிஸ்திரேட்டிடம் அனுப்பலாம். அவர் விசாரிப்பார். குற்றத்துக்கு முகாந்திரம் இருக்கிறதா என்று பார்ப்பார். கேட்கப்படுபவர் தன் பக்கம் சாட்சி சொல்லலாம். 31ஆவது பிரிவு இரண்டு கதவுகளைத் திறந்து வைத்திருக்கிறது. சுமத்தப்பட்ட குற்றம் அரசியல் தன்மை கொண்டதாக இருந்தால் ஒப்படைக்கக் கூடாது என்பது முதலாவது. வேறு ஏதோ குற்றத்தைக் காட்டிக் கேட்டிருந்தாலும், உண்மையில் அரசியல் குற்றத்துக்காகத் தண்டிக்கவே கேட்கிறார்கள் என்று அந்த ஆள் நிரூபித்தால் அப்போதும் ஒப்படைக்கக் கூடாது என்பது இரண்டாவது. இவை போக, கோரிக்கை நல்லெண்ணத்தோடு செய்யப்படவில்லை என்றோ நீதிக்குப் பொருந்தாது என்றோ தோன்றினால், மத்திய அரசே அந்த ஆளை விடுவிக்க 29ஆவது பிரிவு இடம் தருகிறது.

இந்த விதிவிலக்கு எப்படி உருவானது என்று பார்த்தால், அதன் உள்ளே இருக்கும் தயக்கமும் தெரியும். 1833இல் பெல்ஜியம் முதன்முதலாக இதைச் சட்டத்தில் எழுதியது. அந்த நாடே மூன்று ஆண்டுகளுக்கு முன் நடந்த கிளர்ச்சியில் பிறந்தது. அரசுக்கு எதிராக எழுந்தவரை அதே அரசின் கையில் கொடுப்பது தங்கள் பிறப்பையே மறுப்பதாகும் என்று அவர்கள் உணர்ந்திருக்க வேண்டும். ஆனால் மூன்றாம் நெப்போலியன் போன ரயிலுக்குக் குண்டு வைக்க முயன்றவர்களை முன்னிட்டு, 1856இல் அதே பெல்ஜியம் ஒரு திருத்தம் கொண்டுவந்தது. அரச தலைவரையும் அவர் குடும்பத்தாரையும் கொல்வது அரசியல் குற்றமாகாது என்றது. அடைக்கலம் கொடுக்கும் ஆசையும் அதைப் பற்றிய அச்சமும் அன்றிலிருந்தே இந்தச் சட்டத்தில் ஒன்றையொன்று பிடித்து இழுத்துக்கொண்டிருக்கின்றன.

லண்டனில் இரண்டு வழக்குகள். 1890இல் சுவிட்சர்லாந்தின் பெலின்சோனா நகரில் மக்கள் அரசாங்க மாளிகைக்குள் புகுந்தபோது, ஆஞ்சலோ காஸ்டியோனி என்பவர் ரோசி என்ற அரசாங்க உறுப்பினரைச் சுட்டுக் கொன்றார். சொந்தப் பகை எதுவும் கிடையாது. இங்கிலாந்துக்கு ஓடிவந்தவரைச் சுவிஸ் அரசு கேட்டது. அரசியல் எழுச்சியின் பகுதியாக, அதை ஒட்டி நடந்த செயல் இது என்று சொல்லி நீதிபதிகள் கொடுக்க மறுத்தார்கள். நான்கு ஆண்டு கழித்து, பாரிஸில் உணவு விடுதியில் குண்டு வைத்த அராஜகவாதி மெனியேயைப் பிரான்ஸ் கேட்டபோது கொடுத்துவிட்டார்கள். அவருடைய சண்டை ஓர் அரசாங்கத்தோடு மட்டும் நடந்ததாகத் தெரியவில்லை, சாதாரணக் குடிமக்களையே குறிவைத்தது என்பது காரணம்.

இந்த அளவுகோல்களைத் துரையப்பா கொலைக்கு வைத்துப் பார்த்தால் எனக்கு எளிதாகப் பதில் கிடைப்பதில்லை. அது காஸ்டியோனியைப் போன்றதா? 1975இல் யாழ்ப்பாணத்தில் மாளிகைக்குள் புகுந்த கூட்டம் கிடையாது. விரல்விட்டு எண்ணக்கூடிய இளைஞர்கள், கோயிலுக்குக் கும்பிட வந்த ஒரு மனிதர். எழுச்சியின் பகுதி என்று சொல்ல எழுச்சியே அப்போது தொடங்கியிருக்கவில்லை. அந்தக் கொலையை நியாயப்படுத்த என்னால் முடியாது. துரையப்பா யாருடன் சேர்ந்து அரசியல் செய்தார் என்பது அவரைக் கொல்லக் காரணமாகாது. ஆனால் மெனியேயின் குண்டு போலக் கண்ணில் பட்டவரை எல்லாம் கொல்லும் செயலும் அது இல்லை. குறிவைக்கப்பட்டவர் ஆளுங்கட்சியைச் சேர்ந்த அரசியல்வாதி. ஒரு நேர்மையான மாஜிஸ்திரேட் முதல் கதவின் முன் நெடுநேரம் நின்றிருப்பார். உள்ளே விட மறுத்திருக்கவும் கூடும்.

இரண்டாவது கதவு வேறு. அங்கே விசாரிக்கப்படுவது குற்றம் செய்தவரின் மனம் அல்ல, கேட்கிறவரின் மனம். அவரைக் கொண்டுபோய் என்ன செய்வீர்கள்?

1982இல் இந்தக் கேள்விக்கு இலங்கையால் நல்ல பதில் சொல்லியிருக்க முடியாது. 1979ஆம் ஆண்டு பயங்கரவாதத் தடைச் சட்டம் அங்கே நடப்பில் இருந்தது. குற்றச்சாட்டே இல்லாமல் பதினெட்டு மாதம்வரை அடைத்து வைக்கலாம். உதவிக் காவல் கண்காணிப்பாளர் நிலையிலுள்ள அதிகாரியிடம் கொடுத்த வாக்குமூலத்தை நீதிமன்றத்தில் சாட்சியமாக வைக்கலாம். இந்த இரண்டாவது விஷயம் ஏன் இவ்வளவு முக்கியம் என்பதை ஒரு சரித்திரத் தொடர்பு காட்டிக்கொடுக்கிறது. காஸ்டியோனியைக் கொடுக்க மறுத்த நீதிபதிகளில் ஒருவர் ஜேம்ஸ் ஃபிட்ஸ்ஜேம்ஸ் ஸ்டீஃபன். 1872ஆம் ஆண்டின் இந்தியச் சாட்சியச் சட்டத்தை எழுதியவரும் அவரே. போலீஸ் அதிகாரியிடம் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலம் செல்லாது என்று அந்தச் சட்டம் சொன்னது. இலங்கை 1895இல் அதே சட்டத்தைத் தழுவித் தன்னுடையதை எழுதிக்கொண்டது. பூட்டிய அறையில் போலீஸ் முன்னால் ஒருவர் வாயிலிருந்து வருவது எதுவானாலும் நம்பக் கூடாது என்ற அந்த அடிப்படை அறிவைத்தான் 1979 சட்டம் தமிழ் இளைஞர்கள் விஷயத்தில் கைவிட்டது. அப்படிப்பட்ட நீதிமன்றத்துக்கு ஒருவரை அனுப்புவதும் அந்தப் பூட்டிய அறைக்கு அனுப்புவதும் ஒன்றே.

அங்கே போனவர்களுக்கு என்ன ஆயிற்று என்பதற்குத் தமிழ்நாடு தொடர்புள்ள முன்கதை ஒன்று இருக்கிறது. குட்டிமணி என்று எல்லோரும் அறிந்த செல்வராஜா யோகச்சந்திரன் 1973இல் தமிழகத்தில் கைதானார். அப்போது கலைஞர் ஆட்சி. அவரை இலங்கையிடம் கொடுத்துவிட்டார்கள். பெரிய விவாதம் எதுவும் அன்று நடக்கவில்லை. ஈழம் என்பது அந்த ஆண்டில் நம் தெருக்களில் பேச்சாக மாறியிருக்கவில்லை. அவர் சில ஆண்டு சிறையில் இருந்து வெளியே வந்தார். பின்பு 1981இல் தங்கதுரையோடு இலங்கைக் கரையில் பிடிபட்டார். 1982இல் மரண தண்டனை விதிக்கப்பட்டது. அந்த ஆண்டே தமிழர் விடுதலைக் கூட்டணி அவரை வவுனியாத் தொகுதியின் நாடாளுமன்ற உறுப்பினராக நியமித்தது. பதவிப் பிரமாணம் எடுக்கச் சிறையிலிருந்து விடவில்லை.

1983 ஜூலை 25 அன்று கொழும்பு வெலிக்கடைச் சிறையில் 35 தமிழ்க் கைதிகள் கொல்லப்பட்டார்கள். குட்டிமணியும் தங்கதுரையும் அவர்களில் உண்டு. ஒரு நாள் விட்டு, 27ஆம் தேதி, மேலும் 18 பேர். அரசின் காவலில், அரசின் மதில்களுக்குள் 53 பேர். ஒருவர்கூடத் தண்டிக்கப்படவில்லை. குட்டிமணியின் கண்களைப் பற்றிச் சொல்லப்பட்டதை எழுத எனக்குக் கை வரவில்லை. தமிழ் வாசகர்களுக்கு அது தெரியும்.

1973இல் நாம் கொடுத்ததால்தான் அவர் 1983இல் செத்தார் என்று சொன்னால் அது நேர்மையாகாது. இடையில் பத்து ஆண்டு இருக்கிறது, இன்னொரு கைது இருக்கிறது. ஆனால் பாண்டி பஜாரில் பிடிபட்டவர்களை 1982இல் விமானம் ஏற்றியிருந்தால், பதினான்கு மாதம் கழித்து அந்த ஜூலையில் அவர்கள் எந்தச் சிறையில் இருந்திருப்பார்கள் என்று யோசிக்க அதிகக் கற்பனை வேண்டாம். வழக்கு என்ன, கேட்கப்பட்டவர் எப்படிப்பட்டவர் என்பதெல்லாம் அந்த இரண்டு நாளில் அடிபட்டுப் போயிருக்கும். மறுப்பு சரி என்று நான் சொல்வது இதனால்தான். அவர்களுடைய அரசியலோடு எனக்கு உடன்பாடு உண்டா இல்லையா என்பதற்கு இங்கே வேலையே இல்லை.

ஆனால் 1982இல் நம் நகரம் மறுத்தது வேறு காரணத்துக்காக. அவர்கள் நம் பிள்ளைகள் என்பதற்காக. அது பெரிய உணர்வு. அதைக் குறைத்துப் பேச மாட்டேன். யாழ்ப்பாண நூலகம் எரிந்து ஓராண்டுகூட ஆகாத காலம் அது. அந்தச் சாம்பலின் துக்கம் சென்னையிலும் இருந்தது. எங்கிருந்தோ வந்தவருக்காக ஒரு நகரமே குரல் கொடுப்பது உலகத்தில் அடிக்கடி நடப்பதில்லை. ஆனால் உணர்வு தீர்மானமாக மாறி, தீர்மானம் டெல்லிக்குப் போய், டெல்லியில் கோப்பு கிடப்பில் போடப்பட்டதோடு விஷயம் முடிந்தது. மாஜிஸ்திரேட் விசாரணையில் இலங்கையின் சட்டம் எடை போடப்பட்டு, இந்தக் காரணத்தால் ஒப்படைக்க முடியாது என்று ஒரு தீர்ப்பு வந்திருந்தால், அது பெயர் தெரியாத எந்த அகதிக்கும் நாளைக்குப் பயன்பட்டிருக்கும். அப்படி ஒரு வரிகூட நம்மிடம் இல்லை.

இன்னொன்றும் நடக்கவில்லை. பாண்டி பஜார் வழக்கு. கடை வாசலில் நின்றவர்கள், பை தூக்கி நடந்தவர்கள், பஸ்ஸுக்கு நின்றவர்கள் நடுவே துப்பாக்கி பேசியது. இது துரையப்பா வழக்கு இல்லை, நம்முடைய வழக்கு. நம் தெரு, நம் சட்டம், நம் நீதிமன்றம். வேறு நாட்டிடம் கொடுக்க மாட்டோம் என்று சொல்லும் நாடு, இங்கே செய்ததற்கு இங்கே விசாரிப்போம் என்ற பொறுப்பையும் சேர்த்தே ஏற்கிறது. நாம் ஏற்கவில்லை. ஜாமீனில் விட்டு, போகவும் விட்டோம். 83க்குப் பிறகு அடையாறு இந்திரா நகரில் பிரபாகரனின் இயக்க அலுவலகமே நடந்தது. அடைக்கலம் ஆயுதப் பயிற்சியாகவும் அரசாங்க உதவியாகவும் வளர்ந்தது. டெல்லிக்கு அதில் தன் கணக்கு இருந்தது. சட்டத்தின் இடத்தில் ராஜதந்திரம் வந்து உட்கார்ந்துகொண்டது.

ராஜதந்திரம் கொடுத்ததை ராஜதந்திரம் எடுத்துக்கொள்ள மூன்றே ஆண்டு போதுமாக இருந்தது. 1985 ஆகஸ்டில் இலங்கை அரசுக்கும் தமிழ் இயக்கங்களுக்கும் இடையிலான திம்புப் பேச்சுவார்த்தை முறிந்தது. கோபம் கொண்ட டெல்லி அன்டன் பாலசிங்கம், சத்தியேந்திரா, தந்தை செல்வாவின் மகன் சந்திரஹாசன் ஆகிய மூவரையும் வெளியேறச் சொன்னது. இதற்கு ஒப்படைப்புச் சட்டம் எதுவும் தேவைப்படவில்லை. அப்போது நடப்பில் இருந்த 1946ஆம் ஆண்டின் அயல்நாட்டார் சட்டமே போதுமாக இருந்தது. மாஜிஸ்திரேட் வேண்டாம், சாட்சி வேண்டாம், அரசியல் குற்றமா என்ற கேள்வியும் வேண்டாம். வெளிநாட்டவரை வெளியே அனுப்புவது அரசின் விருப்பம் என்றும், ஒப்படைப்புச் சட்டத்தின் வழி இருப்பதாலேயே இந்த அதிகாரம் குறைந்துவிடாது என்றும் 1955இல் ஹான்ஸ் முல்லர் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. முன்வாசலில் 31ஆவது பிரிவு காவல் நிற்க, பின்வாசல் முழுக்கத் திறந்து கிடக்கிறது. அன்றும் தமிழ்நாடு கொதித்தது, உத்தரவுகள் பின்னர் திரும்பப் பெறப்பட்டன. மறுபடியும் வென்றது கொதிப்புதான். மறுபடியும் எழுத்தில் எதுவும் மிஞ்சவில்லை.

பின்வாசல் எவ்வளவு பழையது என்பதற்கு 1910ஐ நினைத்துக்கொள்ளலாம். மார்செய் துறைமுகத்தில் கப்பலிலிருந்து குதித்து நீந்திக் கரையேறிய சாவர்க்கரை, ஒரு பிரெஞ்சுக் காவலர் கையோடு பிடித்து ஆங்கிலேயரிடமே கொடுத்துவிட்டார். விசாரணை கிடையாது, மனு கிடையாது. பிரான்ஸ் ஹேக் நடுவர் மன்றத்துக்குப் போனது. நடந்தது முறைகேடுதான், ஆனால் திருப்பிக் கொடுக்க வேண்டிய கடமை பிரிட்டனுக்குக் கிடையாது என்று 1911 பிப்ரவரியில் தீர்ப்பு வந்தது. அவருடைய அரசியலை ஏற்காத எவரும் அந்தத் தீர்ப்பைக் கண்டு கலங்கலாம். பிழையாகக் கொடுத்தாலும் கொடுத்தது கொடுத்ததுதான் என்றாகிவிட்டது.

அதே ஆண்டுகளில் நமக்குப் பக்கத்திலேயே புதுச்சேரி வேறு மாதிரி நடந்துகொண்டது. 1908இல் அங்கே போன பாரதி, 1910இல் போன அரவிந்தர், அதே ஆண்டு வந்துசேர்ந்த வ.வே.சு. ஐயர் ஆகியோரை ஆங்கிலேயர் ஒற்றர்களை வைத்துச் சூழ்ந்தார்கள். 1911இல் மணியாச்சியில் கலெக்டர் ஆஷ் கொல்லப்பட்டதும் நெருக்கடி கூடியது. பிரெஞ்சுக்காரர்கள் கொடுக்கவில்லை. அதற்கு முந்தைய கதையில் மயிலாப்பூருக்கு ஒரு பங்கு உண்டு. 1907இல் பாரதியின் தேசியப் பாடல்களை அச்சிட்டு இலவசமாகப் பரப்பியவர் மயிலாப்பூர் வக்கீல் வி. கிருஷ்ணசாமி ஐயர். அவர் மிதவாதி. பாரதி தீவிரவாத அணி. பாரதியின் பத்திரிகை மிதவாதிகளைச் சும்மா விட்டதில்லை. அந்த மனிதருடைய பாடல்களைத் தன் காசில் அச்சடித்தார். 1918 நவம்பரில் புதுவையைவிட்டு வெளியேறிய பாரதி கடலூரில் கைதானபோதும், விடுதலைக்கு முயன்றவர்களில் அடையாற்று அன்னி பெசன்ட் இருந்தார், சி.பி. ராமசாமி ஐயர் இருந்தார். பெசன்ட்டைக் கடுமையாக விமர்சித்தவர் பாரதி என்பது எல்லோருக்கும் தெரியும். பிடிக்காதவருக்கும் நியாயம் கேட்கும் பழக்கம் இந்த நகரத்துக்குப் புதிதில்லை என்பதற்காகவே இதைச் சொல்கிறேன்.

எண்பதுகளின் பிற்பாதியில் நமக்கு அந்தப் பழக்கம்தான் தேவைப்பட்டது. 1986 நவம்பர் 1, தீபாவளி நாள். சூளைமேட்டில் ஈழ இயக்கம் ஒன்றைச் சேர்ந்தவர்களுக்கும் ஊர்க்காரர்களுக்கும் ஏற்பட்ட தகராறில் சுட்டதில் உள்ளூர் இளைஞர் ஒருவர் இறந்தார். குற்றம் சாட்டப்பட்டவர்களில் ஒருவரான டக்ளஸ் தேவானந்தாவைச் சென்னை நீதிமன்றம் தேடப்படும் குற்றவாளியாக அறிவித்தது. 2010இல் அவர் இலங்கை அமைச்சராக மகிந்த ராஜபக்சவின் குழுவில் டெல்லிக்கு வந்து, விருந்தாளியாகத் திரும்பிப் போனார். அந்தச் சூளைமேட்டுக் குடும்பத்துக்கு இந்த நாடு கொடுத்த பதில் அவ்வளவே. 1990 ஜூன் 19இல் கோடம்பாக்கம் சக்கரியா காலனியில் இன்னொரு ஈழ இயக்கத்தின் தலைவரான பத்மநாபாவும் தோழர்களும் கொல்லப்பட்டார்கள். 1991 மே 21இல் ஸ்ரீபெரும்புதூரில் ராஜீவ் காந்தி.

அன்பு அந்த இரவில் போயிற்று. போனதற்கு யாரைக் குறைசொல்ல முடியும்? ராஜீவோடு இறந்த காவலர்களும் கூட்டம் பார்க்க வந்தவர்களும் நம் மண்ணின் மனிதர்கள். ஆனால் அன்பு ஒன்றை மட்டுமே ஆதாரமாகக் கொண்டிருந்த அடைக்கலமும் சேர்ந்தே போயிற்று. சம்மதக் கையெழுத்துப் போடாவிட்டால் தொந்தரவு என்ற நிலையில் 1992இல் முகாம் அகதிகள் கப்பலேற்றப்பட்டார்கள். அவர்களில் யாரும் யாரையும் சுட்டதில்லை. அவர்கள் கையில் காட்ட எந்தத் தீர்ப்பும் இல்லை. அப்போது சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போனவர்கள் நெடுமாறனும் டாக்டர் ராமதாசும். விருப்பப்பட்டுத்தான் போகிறார்களா என்பதை ஐ.நா. அகதிகள் ஆணையத்தின் அதிகாரிகள் கேட்டு உறுதி செய்ய வேண்டும் என்ற ஏற்பாடு அந்த வழக்குக்குப் பிறகு வந்தது. பத்து ஆண்டுக்கு முன்பு தீர்மானமாகப் போட்டதை, இந்த முறை நெடுமாறன் மனுவாகப் போட்டார். மனுவுக்குப் பலன் சிறியதுதான். ஆனால் அந்தச் சிறிய பலன் யாரைப் பிடிக்கும் பிடிக்காது என்று பார்க்காமல் வரிசையில் நின்ற எல்லோருக்கும் கிடைத்தது.

ராஜீவ் கொலை வழக்குக்காக 1995இல் இந்தியா இலங்கையிடம் பிரபாகரனைக் கேட்டது. கேட்கும் நாடும் கொடுக்கும் நாடும் இடம் மாறிவிட்டன. 2002 ஏப்ரல் 10 அன்று கிளிநொச்சியில் அவர் உலகப் பத்திரிகையாளர்களைச் சந்தித்தார். ஆறு நாள் கழித்துத் தமிழ்நாடு சட்டமன்றம் தீர்மானம் நிறைவேற்றியது, அவரைப் பிடித்து இந்தியாவிடம் ஒப்படைக்க வழி செய்ய வேண்டும் என்று. அதே ஆண்டு ஆகஸ்டில் நெடுமாறன் பொடா சட்டத்தில் கைதானார். இருபது ஆண்டு இடைவெளியில் ஒரே மாநிலம், ஒரே ஆளைப் பற்றி, இரண்டு எதிரெதிரான தீர்மானங்களைக் கொண்டுவந்தது. இரண்டிலும் ஆளைப் பற்றிய அபிப்பிராயம் இருந்தது. அவரைக் கொண்டுபோகும் இடத்தில் என்ன நடக்கும் என்ற கேள்வி இரண்டிலும் இல்லை.

1993இல் நாடாளுமன்றம் ஒப்படைப்புச் சட்டத்தைத் திருத்தியபோது, ஸ்ரீபெரும்புதூரின் நிழலும் பஞ்சாபின் நிழலும் அதன்மேல் விழுந்திருந்தன. எவையெல்லாம் அரசியல் குற்றம் ஆகாது என்று ஓர் அட்டவணை சேர்க்கப்பட்டது. கொலை, கடத்தல், பிணைபிடித்தல், வெடிபொருள், துப்பாக்கிக் குற்றங்கள் அதில் வருகின்றன. அட்டவணையின் நோக்கம் எனக்குப் புரிகிறது. குண்டு வைத்துவிட்டு அரசியல் என்று சொல்லிக்கொள்பவர்களை உலகமே அலுத்துப்போன காலம் அது. ஒப்படைக்க முடியாதபோது இங்கேயே விசாரிக்கலாம் என்ற பிரிவும் அதே திருத்தத்தில் வந்தது. பாண்டி பஜாருக்குப் பதினோரு ஆண்டு தாமதமாக வந்தாலும் அது நல்ல பிரிவு. ஆனால் அட்டவணை, செய்த செயலை மட்டும் பார்க்கிறது. 1982 இன்று நடந்தால் துரையப்பா கொலை நேராக அட்டவணைக்குள் போய்விழும். நேர்மையான மாஜிஸ்திரேட் தயங்கி நின்ற முதல் கதவு மூடிக்கிடக்கும். கேட்கிறவரின் மனதை விசாரிக்கும் வழிக்கு எவ்வளவு இடம் மிஞ்சும் என்பது, கேள்வி யார் முன்னால் போகிறது என்பதைப் பொறுத்தது. சித்திரவதைக்கு எதிரான ஐ.நா. உடன்படிக்கையில் இந்தியா 1997இல் கையெழுத்திட்டது, இன்றுவரை உறுதிப்படுத்தவில்லை. 1951 அகதிகள் உடன்படிக்கையில் சேரவே இல்லை. அங்கே அடிப்பார்கள், கொல்வார்கள் என்று ஒருவர் சொல்வதைக் கட்டாயம் காதுகொடுத்துக் கேட்கச் சொல்லும் ஒரு வரிகூட ஒப்படைப்புச் சட்டத்தில் இல்லை.

இது பழங்கதை இல்லை. 2024 ஆகஸ்ட் 5 அன்று வங்கதேசத்தின் பிரதமராக இருந்த ஷேக் ஹசீனா இந்தியாவுக்கு வந்துசேர்ந்தார். டாக்கா அவரை அந்த டிசம்பரிலேயே கேட்டது. 2025 நவம்பர் 17 அன்று அங்குள்ள தீர்ப்பாயம் அவர் இல்லாமலே விசாரித்து மரண தண்டனை விதித்தது. மாணவர் போராட்டத்தைச் சுட்டு ஒடுக்கியதற்கு அவர் பதில் சொல்லித்தான் ஆக வேண்டும். அந்தப் பிள்ளைகளுடைய பெற்றோரின் இடத்தில் நின்று பார்த்தால் வேறு எதுவும் தோன்றாது. 2013இல் இந்தியாவும் வங்கதேசமும் செய்துகொண்ட ஒப்பந்தத்தில் அரசியல் குற்றங்களுக்கு விலக்கு இருக்கிறது, கொலைக்கு அந்த விலக்கு கிடையாது. ஆனால் எதிர்த்தரப்பு ஆட்சியிலிருக்கும்போது, குற்றம் சாட்டப்பட்டவர் இல்லாமல் நடந்து தூக்கில் முடிந்த விசாரணை எப்படிப்பட்டது என்று கேட்பதற்கும் இடம் இருக்க வேண்டும். நியாயமான விசாரணை நடந்ததா, மரண தண்டனை நிறைவேற்ற மாட்டோம் என்று எழுத்தில் கொடுப்பார்களா, இல்லையென்றால் இங்கேயே விசாரிக்க நாம் தயாரா? இவற்றைத் திறந்த நீதிமன்றத்தில் ஒரு மாஜிஸ்திரேட் இரு தரப்பையும் நிறுத்திக் கேட்டு, பதிலைத் தீர்ப்பாக எழுத வேண்டும். கோரிக்கை பரிசீலனையில் இருக்கிறது என்று டெல்லி சொன்னது. இலங்கை கேட்டபோதும் பரிசீலனைதான் நடந்தது.

ஹசீனாவுக்கு டெல்லியில் நண்பர்கள் இருக்கிறார்கள். அவரைப் பற்றி எனக்குக் கவலை குறைவு. மண்டபம் முகாமிலோ புழலிலோ திருச்சி சிறப்பு முகாமிலோ இருக்கும் ஒருவரை நாளை ஒரு நாடு கேட்டால், அவருடைய வக்கீல் எதை மேற்கோள் காட்டி வாதாடுவார் என்பதே என் கவலை. மத்திய அரசு எந்தக் கோரிக்கையை மறுத்தாலும், மறுத்ததற்கான காரணத்தை எழுத்தில் வெளியிட வேண்டும் என்று ஒப்படைப்புச் சட்டத்தைத் திருத்தலாம். வெளிநாட்டவரைப் பற்றிய சட்டத்தின்கீழ் ஒருவரை வெளியேற்றும் முன்பு, கேட்ட நாட்டுக்கே அனுப்புவதாக இருந்தால், அவருக்கு 31ஆவது பிரிவின் விசாரணை உரிமை உண்டு என்று சேர்க்கலாம். இரண்டுக்கும் நாடாளுமன்றத்தில் ஒரு பிற்பகல் போதும். 1982இல் பிரபாகரனுக்காகக் கூடிய கட்சிகளில் இன்னும் சபையில் இருப்பவை பல. அவை இந்த இரண்டு திருத்தத்துக்காக ஒரு தனிநபர் மசோதாவாவது கொண்டுவரட்டும்.